உப்புத்தாள்

தாராவியில் தோல் பை தைக்கும் கார்கானாவில் எனக்கு இருபது வருஷ அனுபவம். ஒரு தோலைக் கையில் வாங்கினால் போதும்; எந்த இடம் தையலைத் தாங்கும், எந்த இடம் கிழியும் என்று சொல்லிவிடுவேன். அந்தத் திமிரைத்தான் என் மகள் தலையில் காட்டினேன்.

அவளுக்குப் பதினொரு வயதில் உச்சந்தலைக்குப் பக்கத்தில் புழுவெட்டு வந்தது. எட்டணா அகலத்துக்கு முடி கொட்டி வழுக்கையாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் 'டக்லி, டக்லி' என்று இந்தியில் மொட்டைப் பட்டம் சொல்லிக் கூப்பிட, இனி போகவே மாட்டேன் என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். பூண்டை நசுக்கித் தேய்த்தால் முளைக்கும் என்று எங்கள் சந்தில் சொல்லாத ஆளில்லை. இரண்டு மாதம் தேய்த்தேன். ஒரு முடிகூட வரவில்லை. எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறைதான்.

தோலில் பசை பிடிக்க வேண்டுமென்றால் முதலில் உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்குவோம். பூண்டுச் சாறு உள்ளே இறங்காமல் போனதற்கும் தலைத்தோல் வழவழப்பாக இருந்ததுதான் காரணம் என்று எனக்குப் பட்டது. கார்கானாவிலிருந்து உப்புத்தாளில் ஒரு கிழிசல் எடுத்துவந்து, அவள் வழுக்கையில் தேய்த்துவிட்டு அதன்மேல் பூண்டு போட்டேன்.

"யப்பா, எரியுது."

"பொறுத்துக்கோ தாயி. இன்னும் ரெண்டே நாளு."

ரெண்டு நாள் மூன்று வாரமானது. புண் சீழ் பிடித்து, காதுக்குப் பின்னால் நெறி கட்டிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

தோல் டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருக்கலாம். இந்தியில் பொறுமையாகச் சொன்னார். முடிவேரை ஒட்டிக் கண்ணுக்குத் தெரியாத நிணநீர்க் குழாய்கள் ஓடுகின்றனவாம். தோலில் தேங்கும் நீரை அவைதான் வடித்துக் கொண்டுபோகின்றன. தூங்குகிற வேர் மறுபடி விழித்து முடி வளர்வதிலும் அவற்றுக்குப் பங்கு உண்டு என்று இப்போதுதான் தெரிந்துவருகிறதாம். "புழுவெட்டில் வேர் சாவதில்லை. பல பேருக்குத் தானாகவே முளைத்துவிடும். ஆழமாகத் தழும்பு விழுந்துவிட்டால்தான் வேரும் போய்விடும், குழாயும் போய்விடும்," என்றார். புண் ஆறட்டும், பார்க்கலாம் என்று மருந்து கொடுத்தார்.

புண் ஆறியது. வாசல் வெளிச்சத்தில் அவள் தலையைச் சாய்த்துப் பார்த்தேன். பதனிட்ட தோலில்கூட மயிர்த்துளை தெரியும்; அதைப் பார்த்துத்தான் ஆட்டுத்தோலா மாட்டுத்தோலா என்று சொல்வேன். இங்கே ஒரு துளைகூட இல்லை. வழவழவென்று மினுங்கியது. டாக்டரிடம் போய்க் கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. இருபது வருஷமாக என் கை பழகியதெல்லாம் செத்த தோல் என்பது அப்போதுதான் உறைத்தது. என் கையை நானே வெட்டிப் போட்டுவிடலாம் போல இருந்தது.

இனி முளைக்காது என்று அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. மறுநாள் காலை அவளே பூண்டு உரித்து எடுத்துவந்து, என் முன்னால் தலையைக் குனிந்து உட்கார்ந்தாள்.

"புண்ணுதான் ஆறிட்டுல்லா யப்பா. தேச்சு விடு. இந்தத் தடவ அழ மாட்டேன்."