பேனையால் எழுதிய பெயர்

எங்கள் ஆஸ்பத்திரி வாட்டில் கடமை அட்டவணையைப் பென்சிலால்தான் எழுதுவார்கள். முன்பு அப்படி இல்லை. ஒருத்தி லண்டன், ஒருத்தி நியூசிலாந்து, ஒருத்தி தமையன் இருக்கும் கனடா என்று எங்கள் நேர்ஸ்மார் ஒவ்வொருவராகப் போகத் தொடங்கிய பிறகு, வாட்டுக்குப் பொறுப்பான சிஸ்டர் பேனையை மேசை இலாச்சிக்குள் போட்டுவிட்டுப் பென்சிலும் அழிறப்பரும் எடுத்தார். "ஆர் இருப்பினம், ஆர் பறப்பினம் எண்டு ஆருக்குத் தெரியும்?" என்பார். என் பெயரை மட்டும் நீலப் பேனையால் எழுதுவார். யாராவது ஏன் என்று கேட்டால், "இவ எங்கையும் போகமாட்டா" என்று எனக்கும் சேர்த்து அவரே பதில் சொல்லிவிடுவார்.

அதைக் கேட்கும்போதெல்லாம் நான் குனிந்து மருந்துச் சீட்டுகளை அடுக்கத் தொடங்கிவிடுவேன். ஏனென்றால் ஒரு வருடமாக நான் நினைத்ததெல்லாம் போவதைப் பற்றித்தான்.

ஏன் போகவேண்டும் என்று கேட்டால் நேராகப் பதில் சொல்லத் தெரியாது. நாங்கள் பட்டினி கிடக்கவில்லை. இவருக்கு, என் கணவருக்கு, கொடிகாமத்தில் தண்ணீர்ப் பம்பு திருத்தும் கடை இருக்கிறது. எனக்கு அரசாங்கச் சம்பளம். ஆனால் மூன்று பேர் செய்யவேண்டிய வேலையை ஒருத்தியாகச் செய்துவிட்டு வீட்டுக்கு வந்தால் இருக்கப் பிடிக்காது, நிற்கப் பிடிக்காது. மகளுக்குத் தலை வாரி இழுத்துக்கொண்டிருப்பேன், கண் போனில் இருக்கும். வளைகுடா என்றால் சுருக்காக எடுப்பார்கள், தனியாகத்தான் போகவேண்டும். ஜப்பான் என்றால் முதலில் அவர்களுடைய எழுத்திலிருந்து படிக்கவேண்டும். கனடாவில் இருக்கும் சித்தியின் மகள், "இஞ்சை வாறது பெரிய வேலையில்லை அக்கா, வந்தாப் பிறகு நேர்ஸாகிறதுதான் பெரிய வேலை" என்றாள். அவுஸ்திரேலியாவைப் பற்றிப் பார்த்த அன்று சோறு அடிப்பிடித்துவிட்டது. இவர் கருகிய பக்கத்தைத் தன் சாப்பாட்டுக் கோப்பையில் போட்டுக்கொண்டார். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

கடைசியில் யாழ்ப்பாண நகரத்தில் ஒரு புடவைக்கடைக்கு மேல்மாடியில் இருந்த ஏஜென்சிக்குப் போனேன். அங்கிருந்த பெண் என் சான்றிதழ்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரேயொரு கேள்விதான் கேட்டாள்.

"அக்கா, உங்களுக்குக் கெதியாப் போகவேணுமோ, பிள்ளையோடை போகவேணுமோ?"

எனக்கு விளங்கவில்லை. அவள் விளங்கப்படுத்தினாள். இங்கிலாந்துக்கு முதியோரைப் பராமரிக்கும் வேலைக்குப் போனால் அலுவல் கெதியில், சில மாதங்களிலேயே, முடியும், ஆனால் பிள்ளையையும் புருசனையும் கூட்டிக்கொண்டு போகமுடியாது. நேர்ஸாகவே போவதென்றால் ஆங்கிலப் பரீட்சை, அவர்களுடைய பதிவு, நேர்முகம், மேலதிகாரியின் கடிதம் என்று ஒரு வருடத்துக்கு மேல் இழுக்கும். ஆனால் குடும்பத்தோடு போகலாம். "யோசிச்சுச் சொல்லுங்கோ, ஆனா கனநாள் யோசியாதையுங்கோ. சட்டம் இண்டைக்கு ஒரு மாதிரி, நாளைக்கு ஒரு மாதிரி" என்று இரண்டு வகைப் படிவங்களையும் கையில் தந்தாள்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் முதலில் நிரப்பத் தொடங்கியது கெதியாகப் போகும் படிவத்தைத்தான். மகளுக்கு ஆறு வயது. அம்மா பார்த்துக்கொள்வா, இரண்டு வருடம் கண்மூடி முழிக்க ஓடிவிடும் என்று எனக்கு நானே கதை சொல்லிக்கொண்டேன். பாதிப் படிவம் நிரம்பியிருந்த கிழமையில் காய்ச்சலோடு ஒரு சின்னப்பிள்ளையை எங்கள் வாட்டில் சேர்த்தார்கள். கூட வந்தவ பெரியம்மா. ஊசி போடுமுன் பேச்சுக் கொடுக்க, "அம்மா எங்கை?" என்று கேட்டேன். பிள்ளை யோசிக்கவேயில்லை. பெரியம்மாவின் கையிலிருந்த போனைக் காட்டி, "உதுக்குள்ளை" என்றது.

அன்று வீட்டுக்கு வந்து படிவத்தைக் கிழித்து அடுப்புக்குள் போட்டேன். ஒன்றில் மூன்று பேரும் போவது, இல்லாவிட்டால் ஒருவரும் போவதில்லை.

அம்மா ஒரு நிபந்தனை போட்டா. "உதை ஒருத்தருக்கும் மூச்சுக் காட்டாதை. கண்ணூறு பொல்லாதது." எங்கள் பக்கத்தில் இது புதினமில்லை. வெளிநாட்டுக்குப் போகிறவர் அங்கே இறங்கிக் குளிர்ச்சட்டையோடு படம் அனுப்பிய பிறகுதான் அயலுக்குத் தெரியவரும். அதற்கு முதல் நாள்வரைக்கும் வேலியடியில் நின்று, வாற மாதம் மிளகாய்க்கன்று நடப்போவதாகக் கதைத்துக்கொண்டிருப்பார்கள். விசா குத்தும்வரை சொல்வதில்லை என்று முடிவெடுத்தோம். மகளுக்குக்கூடச் சொல்லவில்லை. அவளுக்குச் சொன்னால் அது வானொலியில் வாசித்த மாதிரி.

பரீட்சைக்குக் கொழும்புக்குப் போகவேண்டி வந்தது. சிஸ்டரிடம் லீவு கேட்கும்போது என்ன சொல்வதென்று தெரியாமல், கீரிமலைக்கு ஒரு நேர்த்திக்கடன் இருக்கிறது, தீர்த்தமாடி நகுலேஸ்வரத்தில் அர்ச்சனை செய்யவேண்டும் என்றேன். ஒரே நாளில் போய்வரக்கூடிய இடத்து நேர்த்திக்கு மூன்று நாள் லீவு எதற்கு என்று வேறு யாராவது கேட்டிருப்பார்கள். சிஸ்டர் கேட்கவில்லை. "போயிட்டு வாரும் பிள்ளை. எனக்கும் கொஞ்சம் திருநீறு கொண்டுவாரும்" என்றார்.

திரும்பி வரும்போது கொடிகாமத்தில் பஸ்ஸால் இறங்கிய பிறகுதான் திருநீறு ஞாபகம் வந்தது. சந்தைக்குப் பக்கத்துக் கடையில் ஒரு பைக்கற் வாங்கி, பேப்பர்த் துண்டில் கொட்டி மடித்தேன். நம்பவைக்க எங்கள் வேலிச் செம்பரத்தம்பூ ஒன்றும் வைத்தேன். அந்தப் பூவை நினைத்தால் இப்போதும் எனக்கு முகம் சுடும். சிஸ்டர் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றி, நெற்றியில் பூசிக்கொண்டு மிச்சத்தைக் கவனமாகக் கைப்பையில் வைத்தார்.

பரீட்சையில் தேறினேன். நேர்முகம் போனிலேயே நடந்தது. சுவரில் கறை தெரியக்கூடாதென்று இவர் எனக்குப் பின்னால் கதிரையில் ஏறி வெள்ளை விரிப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாதியில் பக்கத்துவீட்டுச் சேவல் கூவியது. அங்கே இருந்த வெள்ளைக்காரப் பெண்கள் இரண்டு பேரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவிட்டேன். ஒரு கிழமையில் என்னைத் தெரிவுசெய்திருப்பதாக அறிவித்தார்கள். இனி வேண்டியது தற்போதைய மேலதிகாரியின் உறுதிக்கடிதம் மட்டும். அவருடைய மின்னஞ்சல் முகவரியைக் கேட்டார்கள். சிஸ்டருடையதைக் கொடுத்தேன்.

அன்றே சொல்லியிருக்கவேண்டும். "இன்னும் விசா குத்தேல்லை" என்று அம்மா மறித்தா. வெள்ளைக்காரர் ஆறுதலாக, நாள் எடுத்துத்தான் எழுதுவார்கள் என்று நானும் நினைத்தேன். ஆனாலும் ஒவ்வொரு நாளும் சிஸ்டரின் அறை வாசல்வரை போவேன். ஒருநாள் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், திரும்பினேன். ஒருநாள் முகம் வாடியிருந்தது, திரும்பினேன். ஒருநாள் வாற மாத அட்டவணையில் என் பெயரைப் பேனையால் எழுதிக்கொண்டிருந்தார். அன்று வாசலைக்கூட மிதிக்கவில்லை.

பத்தாம் நாள், மருந்து வண்டிலைத் தள்ளிக்கொண்டு போகும்போது போன் கிணுங்கியது. மேலதிகாரியிடமிருந்து வந்த பதில் என் விண்ணப்பத்தோடு பொருந்தவில்லையாம். ஐந்து வேலை நாளுக்குள் சரிப்படுத்தாவிட்டால் இடத்தை வேறொருவருக்குக் கொடுப்பார்களாம். கீழே சிஸ்டரின் பதிலையும் சேர்த்திருந்தார்கள். இரண்டே வரிதான். "இது மோசடி என்று நினைக்கிறேன். எங்கள் நேர்ஸ் அப்படி விண்ணப்பிக்கவில்லை. விண்ணப்பித்திருந்தால் என்னிடம் சொல்லியிருப்பார்."

முதலில் வந்தது கோபம். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று சிஸ்டர்மேல் கோபம், அம்மாமேல் கோபம், அம்மாவின் கண்ணூறுமேல் கோபம். வீட்டுக்கு வந்து இவரிடம் கத்தினேன். இவர் பம்பு ஒன்றைக் கழற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவ என்ன பொய்யே எழுதினவ?" என்றார். "நீர் சொன்னதை நம்பி எழுதியிருக்கிறா."

உள்ளே மகள் பள்ளிக்கூடப் பையில் புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுத்த வருடம் அந்தப் பையை எந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோவாள் என்பது அந்த இரண்டு வரியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் காலை நேரே சிஸ்டரின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஏஜென்சி, கிழித்த படிவம், பரீட்சை, நேர்முகம். சொல்லச் சொல்ல அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், திரும்பவும் கழற்றினார்.

"உம்மை ஆரோ ஏமாத்தப் பாக்கிறாங்கள் எண்டெல்லே நான் நினைச்சன்" என்றார். "உமக்குச் சொன்னாப் பயந்துபோவீர் எண்டு சொல்லாமலும் விட்டனான்."

அவரும் எனக்கு மறைத்திருக்கிறார், என் நன்மைக்கு. எனக்கு அழுகை வந்தது. அழுதேன்.

அவர் கணினியைத் திறந்தார். அவர்கள் அனுப்பிய படிவத்தை எடுத்து ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி நிரப்பினார். எத்தனை வருட வேலை, எந்த வாட்டு, நோயாளரோடு எப்படி. எல்லாவற்றுக்கும் நன்றாகவே எழுதினார். கடைசியில் ஒரு கேள்வியில் விரல் நின்றது. நான் எட்டிப் பார்த்தேன். இவருடைய நேர்மையில் உங்களுக்குச் சந்தேகம் ஏதும் உண்டா, ஓம் அல்லது இல்லை.

சிஸ்டர் கதிரையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"அந்தக் கீரிமலைத் திருநீறு?"

பொய் சொல்ல அப்போதும் ஒரு நிமிடம் இருந்தது. "கொடிகாமத்துக் கடையிலை வாங்கினது, சிஸ்டர்" என்றேன். "பூ எங்கடை வேலியிலை பிடுங்கினது."

"என்ரை மனுசனை இருதய ஒப்பரேசனுக்கு உள்ளை கொண்டுபோகேக்கை அதைத்தான் நெத்தியிலை பூசிவிட்டனான்" என்றார். அவருடைய கணவருக்கு ஒப்பரேசன் என்பதே எனக்குத் தெரியாது. அவரும் வாட்டில் மூச்சுக் காட்டவில்லை. ஒரு நாள் முகம் வாடியிருந்ததைப் பார்த்துவிட்டு நான்தான் வாசலிலிருந்து திரும்பியிருந்தேன்.

"இப்ப எப்பிடி இருக்கிறார்?" என்று கேட்டேன்.

"நடந்து திரியிறார், உறைப்புச் சாப்பிடவேணுமெண்டு சண்டையும் பிடிக்கிறார்." கணினிப் பக்கம் திரும்பி, "இல்லை" என்ற கட்டத்தில் அழுத்தினார். "பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகலாம்தானே?"

"ஓம், சிஸ்டர்."

"அப்ப சரி" என்று அனுப்பிவிட்டார்.

நாலு நாள் கழித்து, இடம் எனக்கே என்று அங்கிருந்து பதில் வந்தது. இந்த முறை அம்மாவுக்குச் சொல்லுமுன் சிஸ்டருக்குத்தான் சொன்னேன். அவர் தலையை ஆட்டி, நல்லது என்றார். பிறகு வாட்டிலும் அவரே சொல்லியிருக்கிறார், என்னிலும் பார்க்க அவர்தான் சந்தோசப்பட்டதாக மற்ற நேர்ஸ்மார் சொன்னார்கள்.

மாத முடிவில் புதிய அட்டவணையைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். என் பெயரைத் தேடினேன். எப்போதும் தூரத்திலிருந்தே நீலமாகத் தெரியும் பெயர், அன்று கிட்டப்போய்த் தேடித்தான் கண்டுபிடித்தேன். மற்றவர்களுடையதைப் போலவே பென்சிலால் எழுதியிருந்தார்.