அவள் பெயரைத் தட்டினால்

என் மகள் தஞ்சாவூரில் புதாற்றில் விழுந்ததை நான் அவள் வாயால் கேட்கவில்லை. கீழ்வேளூர்ப் பக்கம் ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தில் எழுத்தராக இருக்கிறேன். குறுவைக்குக் கடன் கேட்டு வந்த ஒருவர், கைபேசியை என் மேசைக்கு மேல் நீட்டி, "நம்ம பக்கத்துப் புள்ளையாம், பாத்தீங்களா?" என்றார். கல்லணை திறந்து, புதாறு என்று சொல்லும் கல்லணைக் கால்வாயில் புதுத்தண்ணீர் வந்த வாரம் அது. வீடியோவில் படித்துறை, கூட்டம், நனைந்த சுடிதார். யாரோ துண்டால் போர்த்தினார்கள். முகம் தெரியவில்லை. ஆனால் அந்தத் தோள்களை எனக்குத் தெரியும்.

அவள் எண்ணுக்கு அடித்தேன். விடுதித் தோழிதான் எடுத்தாள். "ஆன்ட்டி, பயப்படாதீங்க. படியில வழுக்கிட்டா. டாக்டர் பாத்துட்டாரு. இப்ப தூங்குறா" என்றாள். அந்தப் பதில் எனக்குப் போதுமானதாக இருந்தது. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

வீடியோவைப் போட்டிருந்தது உள்ளூர்ச் செய்தி இணையதளம் ஒன்று. தலைப்பு, "புதாற்றில் விழுந்த கல்லூரி மாணவி: காதல் தோல்வியா?" ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிட்டால் எதையும் எழுதிவிடலாம் போலிருக்கிறது. கீழே நாலே வரிகள். கீழ்வேளூர் பகுதியைச் சேர்ந்த மாணவி, அக்கம்பக்கத்தினர் மீட்டனர், காரணம் குறித்து விசாரணை. அவ்வளவுதான்.

அந்தச் செய்திக்கு அடியில் கருத்து எழுத ஒரு பெட்டி இருந்தது. எங்கள் சங்கத்தில் வெறும் பெயரை எழுதிக் கொடுத்தால் எந்த மனுவும் நகராது. தகப்பனார் பெயர், ஊர், தெரு எல்லாம் வேண்டும். அந்தப் பழக்கத்தில் எழுதினேன். இது தவறான செய்தி, இவர் என் மகள், பெயர் இது, இன்னாருடைய மகள், இந்த ஊர், இந்தத் தெரு, இந்தக் கல்லூரியில் கடைசி ஆண்டு, படியில் வழுக்கி விழுந்தார், காதல் என்பது கட்டுக்கதை. ஒரு தாய் தன் பெயரைப் போட்டு எழுதினால் ஊர் நம்பும் என்று நினைத்தேன்.

எனக்குப் பின்னால் சொந்தக்காரர்கள் வரிசையாக வந்தார்கள். குவைத்திலிருந்து சித்தி மகன் எழுதினான். கணவரின் அக்கா எழுதினார். எல்லாரும் அவள் பெயரைச் சொல்லி, ஊரைச் சொல்லி, எப்படிப்பட்ட குடும்பத்துப் பெண் என்று சொல்லி எழுதினார்கள். திருவாரூரில் இருக்கும் என் அண்ணன் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பழைய மாணவர்களுக்காக ஒரு இணையப்பக்கம் நடத்துகிறார். செய்திக்கு அடியில் மூன்று பத்தி எழுதியதோடு, தன் பக்கத்திலும் கண்டனம் எழுதி அந்தச் செய்திக்கு இணைப்பும் கொடுத்தார். படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. குடும்பம் என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று கணவரிடம் சொன்னேன். அவர் நாற்றங்காலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "எல்லாம் சரி, புள்ள என்ன சொல்லுது?" என்றார். நல்லாத்தான் இருக்கா என்றேன்.

அதற்குப்பின் தினமும் காலையில் பேருந்தில் உட்கார்ந்ததும் அவள் பெயரைத் தட்டிப் பார்ப்பது எனக்கு வழக்கமாயிற்று. அந்தச் செய்தி இன்னும் இருக்கிறதா என்று தெரியவேண்டும். இருந்தது. திறந்து, புதிதாக யாராவது ஏதாவது எழுதியிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு மூடுவேன்.

தை பிறந்து, அறுவடை இயந்திரத்துக்கு வீட்டில் அலைந்துகொண்டிருந்த சமயம் மகள் விடுமுறைக்கு வந்தாள். சென்னையில் ஒரு நிறுவனத்தில் அவளை நேர்காணலுக்கு அழைத்திருந்தார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் கைபேசியை என் பக்கம் திருப்பி வைத்தாள். அவள் பெயரின் முதல் பாதியைத் தட்டியதுமே தேடுபொறி மீதியைத் தானாக நீட்டியது. பெயரும் புதாறும். பெயரும் காதல் தோல்வியும். கீழே முதல் முடிவாக அந்தச் செய்தி.

"வேலைக்குக் கூப்பிடுறவங்க மொதல்ல இதைத்தாம்மா செய்வாங்க" என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பாதிச் சோறு அப்படியே இருந்தது.

அவளுடைய கல்லூரியில் முன்பு படித்த பெண் ஒருத்தி, தஞ்சாவூர் புதுப் பேருந்து நிலையம் பக்கம் ஒரு கைபேசிக் கடையின் மாடியில், இணைய விளம்பர அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். நகைக்கடைகளையும் பயிற்சி மையங்களையும் தேடலில் முன்னால் கொண்டுவருவது அவர்கள் தொழில். அதற்கு எஸ்.இ.ஓ. என்று பெயராம். விடுப்புப் போட்டுவிட்டு நான் மட்டும் போனேன். முன்னால் கொண்டுவரத் தெரிந்தவர்களுக்குப் பின்னால் தள்ளவும் தெரிந்திருக்கும் என்பது என் கணக்கு.

அவள் அந்தப் பக்கத்தைத் திறந்து மேலும் கீழுமாகப் பார்த்தாள். பிறகு, "ஆன்ட்டி, உங்க வீட்டுல யாராவது எஸ்.இ.ஓ. படிச்சிருக்காங்களா? எங்க நகைக்கடைக்கு இந்த மாதிரி ஒரு வேலை செய்ய எங்களுக்கு ஆறு மாசம் ஆவும்" என்றாள். என் முகத்தைப் பார்த்ததும், "சாரி" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உங்க பொண்ணைப் பத்தி விசாரிக்க நெனைக்கிறவர் என்னன்னு தட்டுவார்?"

"பேரு. ஊரு. காலேஜு."

"அதுக்குத்தான் கீவேர்டுன்னு பேரு. அந்த மூணும் இந்தச் செய்தியில எங்க இருக்கு, காட்டுங்க."

நாலு வரியையும் படித்தேன். இல்லை. மறுபடி படித்தேன். அவள் விரலால் பக்கத்தைக் கீழே தள்ளினாள். முதல் கருத்து என்னுடையது. பெயர், தகப்பனார், ஊர், தெரு, கல்லூரி எல்லாம் அங்கே இருந்தன.

அவள் நிதானமாகத்தான் சொன்னாள். தேடுபொறி ஒவ்வொரு பக்கத்தையும் வந்து படித்துவிட்டுப் போகிறது. எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பதிந்து வைத்துக்கொள்கிறது. அந்தப் பதிவு இண்டெக்ஸ். யாராவது ஒரு பெயரைத் தேடினால் அந்தப் பெயர் இருக்கும் பக்கங்களை எடுத்து, எதை முன்னால் வைப்பது என்று வரிசைப்படுத்துகிறது. அது ரேங்கிங். புதிது புதிதாக எழுத்து சேர்ந்துகொண்டே இருந்தால் அந்தப் பக்கம் உயிரோடு இருக்கிறது என்று எண்ணிக்கொள்ளும். வேறொரு மதிப்பான தளம் இணைப்புக் கொடுத்தால் அது சிபாரிசு மாதிரி. அதற்கு பேக்லிங்க் என்று பெயர்.

"இங்க ஒரு ஸ்கூல் சார் குடுத்திருக்காரு பாருங்க. நல்ல பழைய சைட்டு. இது மாதிரி ஒண்ணு கெடைக்க நாங்க தவம் கெடக்குறோம்."

"அவரு என் அண்ணன்" என்றேன். "ஆனா நாங்க எல்லாரும் இல்லைன்னுதானேம்மா எழுதியிருக்கோம்?"

"பேரைத் தேடுறவங்களுக்குப் பேரு இருக்குற பக்கத்தைக் காட்டும், ஆன்ட்டி. நீங்க அதுல சண்டை போட்டீங்களா, வாழ்த்துச் சொன்னீங்களான்னு அதுக்கு என்ன கவலை? சரி, டெய்லி அந்தப் பேரை யாரு தேடுறா?"

"நான். சொந்தக்காரங்களும் தேடுறாங்க. இன்னும் இருக்கா, எடுத்துட்டாங்களான்னு பாக்கத்தான்" என்றேன்.

"அதான் டிராஃபிக். அந்தப் பேரு அவ்வளவா யாருக்கும் இல்லாத பேரு. கொஞ்ச பேரு தெனம் தேடுனாலே போதும், பாதி தட்டுனதும் மீதியை அதுவே எடுத்துக் குடுக்க ஆரம்பிச்சிடும். உள்ள எப்படிக் கணக்குப் போடுதுன்னு முழுசா யாருக்கும் தெரியாது. ஆனா இதுல வெளியாள் யாரும் இருக்குற மாதிரி எனக்குத் தோணலை." பிறகு, காசு கொடுத்து முன்னால் வந்தால் அது விளம்பரம், கொடுக்காமல் தானாக வந்தால் ஆர்கானிக், இது ஆர்கானிக் என்றாள். ரசாயன உரம் போடாத நெல்லுக்குத்தான் அந்தச் சொல்லை நான் கேட்டிருந்தேன்.

செய்தித் தளத்தை நடத்துகிறவரிடம் அங்கிருந்தே போனில் பேசினேன். அவர் கோபப்படவில்லை. "நாங்க பேரே போடலையேம்மா. போட்டது நீங்கதானே? அவங்கவங்க எழுதுனதை அவங்கவங்களே அழிச்சுக்கலாம்" என்றார். என்னுடையதை அந்த மேசையிலேயே அழித்தேன். திரும்பி வரும்போது, இதை எடுப்பது எப்படி என்று ஒருமுறை தேடினேன்; திருவாரூரைத் தாண்டும்வரை, கைபேசியில் எதைத் திறந்தாலும் இணையத்தில் உங்கள் நற்பெயரை மீட்டுத் தருகிறோம் என்ற விளம்பரம் வந்துகொண்டே இருந்தது. நாம் ஒன்றைத் தேடினால் அது சம்பந்தமான விளம்பரம் நம்மைத் துரத்துவதற்கும் ஒரு பெயர் உண்டு. ரீமார்க்கெட்டிங். அதையும் அந்தப் பெண்தான் பின்னால் சொன்னாள்.

ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, நீங்கள் எங்களுக்காக எழுதியதை அழித்துவிடுங்கள் என்று கேட்கவேண்டியிருந்தது. நன்றி சொல்லவேண்டிய இடத்தில் இதைக் கேட்பது சுலபமாக இல்லை. குவைத்திலிருப்பவன், "அப்ப நான் எழுதுனது தப்பாக்கா?" என்று குரல் இறங்கிப் போனான். கணவரின் அக்கா, "எனக்கு மருமகதான் எழுதிக் குடுத்தா. இப்ப அவளுக்கும் எனக்கும் பேச்சு வார்த்தை இல்ல. நீயே அவகிட்ட கேட்டுக்க" என்றார். கேட்டேன். சமாதானம் ஆனதும் அழிக்கிறேன் என்றாள் மருமகள். அப்புறம் சிரித்துவிட்டு அப்போதே அழித்தாள்.

அண்ணன் மட்டும் மாட்டேன் என்றார். நேரில் வந்து சொல்கிறேன் என்று ஞாயிற்றுக்கிழமை கிளம்பி வந்துவிட்டார்.

"அழிச்சா என்ன அர்த்தம்? ஒத்துக்கிட்டோம்னு அர்த்தம். என் பேரைப் போட்டு எழுதியிருக்கேன். என்கிட்ட படிச்சவன் ஆயிரம் பேரு பாத்திருப்பான். இப்ப எடுத்தா, வாத்தியார் பின்வாங்கிட்டாருடான்னு சொல்லமாட்டான்?"

"அண்ணே, அதுல இருக்குறது உங்க பேரு இல்ல, அவ பேரு" என்றேன்.

"அவ பேருக்காகத்தான் எழுதுனேன்!"

"எழுதுனதாலதான் அது மொதல்ல வருதுண்ணே. அந்தப் பொண்ணு எனக்குக் காட்டுச்சு. கீவேர்டு, பேக்லிங்க்னு..."

"நீ என்ன எனக்குப் பாடம் எடுக்குறியா?"

கணவர் வெளியே நின்று தார்ப்பாயில் காயப்போட்ட நெல்லைப் புரட்டிக்கொண்டிருந்தார். உள்ளே வரவில்லை. மகள் காப்பி கொண்டுவந்து அண்ணன் முன்னால் வைத்தாள். அவர் டம்ளரைத் தொடாமல் அவளையே பார்த்தார். அவர் கோபமெல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் வேறு எங்கோ போய்விட்டது.

"அம்மாடி, மாமா ஒண்ணு கேக்குறேன், தப்பா நெனைக்காத. நெஜமாவே வழுக்கித்தான் விழுந்தியா?"

மூன்று பத்தி எழுதியவர் அவர். எல்லாரையும்விட உரக்கச் சொன்னவர். "என்ன கேள்விண்ணே இது" என்று நான் எழுந்தேன். மகள் என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"கேக்கட்டும்மா. இப்பதான் ஒருத்தர் என்கிட்ட கேக்குறாங்க."

அவள் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"வழுக்கித்தான் மாமா விழுந்தேன். செருப்புல சேறு அப்பியிருந்துச்சு, கழுவலாம்னு எறங்குனேன். படியில பாசி. தண்ணி இழுத்த இழுப்புல எது மேல, எது கீழேன்னே தெரியலை. செத்துட்டேன்னுதான் நெனைச்சேன். ஒருத்தர் முடியைப் புடிச்சு இழுத்தாரு. கரையில போட்டதும் அவரு கேட்ட மொத வார்த்தை, 'ஏம்மா குதிச்சே'ன்னுதான். நான் இல்லைன்னு சொல்ல வாயைத் தெறந்தா தண்ணிதான் வருது. அதுக்குள்ள போன்ல எடுக்குறாங்க. அப்பவே எனக்குச் சொல்றதே விட்டுப்போச்சு. ஹாஸ்டல்ல கேப்பாங்கன்னு பாத்தேன். வீட்டுக்கு வந்தா அம்மா கேக்கும்னு பாத்தேன். நீங்க எல்லாரும் ஊருக்குப் பதில் சொல்லிக்கிட்டே இருந்தீங்க."

நான் ஏன் கேட்கவில்லை என்று அந்த இடத்தில் எனக்குத் தெரிந்தது. வேறு பதில் வந்துவிடுமோ என்று பயம். அந்தப் பயத்தோடுதான் ஒவ்வொரு நாள் காலையும் அவள் பெயரைத் தட்டியிருக்கிறேன். அவள் ஒரு போன் தூரத்தில் இருந்தாள்.

அண்ணன் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். கைபேசியைத் திறந்து தான் எழுதியதைத் தேடிப் பிடித்தார். உதடு அசைய முழுவதையும் ஒருமுறை படித்தார். "எங்க அமுக்கணும்?" என்று அவளிடம் கேட்டார். அவள் காட்டினாள். பிறகு தன் இணையப்பக்கத்தில் இருந்ததையும் எடுத்தார். காப்பி ஆறிப்போயிருந்தது. வேறு போட்டுத் தருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்று அதையே குடித்தார்.

எல்லாம் அழித்த பிறகும் முடிவு உடனே மாறவில்லை. தேடுபொறி அந்தப் பக்கத்தை மறுபடி வந்து படிக்கவேண்டுமாம். "எப்ப வரும்னு சொல்ல முடியாது ஆன்ட்டி. அதுவரைக்கும் வீட்டுல யாரும் அந்தப் பேரைத் தேடாம இருங்க, அது போதும்" என்றாள் தஞ்சாவூர்ப் பெண். நேர்காணல் அதற்கு முன்பே வந்துவிட்டது. மகள் தனியாகப் போனாள். நான் சங்கத்தில் ஒருவருடைய சாகுபடிச் சான்றான அடங்கலை இன்னொருவருடைய மனுவோடு சேர்த்துத் தைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். மதியம் அவளே கூப்பிட்டாள்.

"அவங்க தேடுறதுக்கு முன்னாடி நானே சொல்லிட்டேம்மா. என் பேரைத் தட்டுனா இப்படி ஒண்ணு வரும், நடந்தது இதுன்னு. அந்த மேடம், நீச்சல் தெரியுமான்னு கேட்டாங்க. தெரியாதுன்னேன். கத்துக்கன்னாங்க."

வேலை கிடைத்துவிட்டது. சென்னைக்குப் போய்விட்டாள். இன்றைக்கு அந்தப் பெயரைத் தட்டினால் என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. பேருந்தில் கை பழக்கத்தில் போகிறது, பாதி எழுத்தில் நிறுத்திக்கொள்கிறேன். சாயங்காலம் அவளுக்கே அடிக்கிறேன். இன்றைக்கு எப்படி இருந்தது என்று கேட்கிறேன். சில நாள் நிறையச் சொல்கிறாள். சில நாள், "அப்புறம் சொல்றேம்மா" என்று வைத்துவிடுகிறாள். அப்போது மனம் தண்ணீருக்குள் போய்விட்டுத்தான் வருகிறது. அவள் சொல்லும்வரை காத்திருக்கிறேன்.