நடீன் அழுத்திய பொத்தான்

முதல் வருடம் குளிர்காலத்தை அரிசோனா முகாமில் கழித்துவிட்டு நாங்கள் கிளம்பிய காலையில், எங்கள் வீட்டு வண்டிக்குப் பின்னால் காரை மாட்டிவிட்டு, அதை இழுத்துப் போவதற்கான டோ மோடு பொத்தானைப் போட நான் மறந்துவிட்டேன். பக்கத்து இடத்துக்காரி நடீன் அதைக் கவனித்து, தானே காருக்குள் ஏறிப் பொத்தானை அழுத்திவிட்டு இறங்கினாள். என் கணவர் லைலிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. என்னைப் பார்த்துக் கண்ணை மட்டும் சிமிட்டினாள்.

நன்றி சொல்ல வேண்டிய எனக்குப் பொறாமைதான் வந்தது. லாரி ஓட்டியவரின் விதவை, அறுபது தாண்டியவள், முப்பத்தைந்தடி வண்டியைத் தனியாக ஓட்டுகிறாள். ஒவ்வொரு குளிர்காலமும் லைலுக்கு அவள் பாட்டுத்தான்.

"நடீனைப் பாரு, நாலே நிமிஷத்துல காரை மாட்டிடுறா. நீயும் இருக்கியே!"

என் நாற்காலியை ஒரு நாளும் மடித்துத் தராத மனிதர், அவளுடைய இழுவைக் கம்பியைத் தூக்கிக்கொண்டு நடப்பார். ஞாயிறு ஜெபத்தில் முழங்காலில் நிற்கும்போதும் அந்தக் கம்பிதான் என் கண்ணில் நின்றது.

நாலாம் வருடம் மார்ச்சில் அவள் கிளம்பினாள். கவனம் தப்பிவிடும் என்று, கார் மாட்டுகிறவரிடம் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை. அது எங்கள் முகாமின் வழக்கம். லைல் மட்டும் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. நான் சுட்டுவைத்திருந்த ஆப்பிள் 'பை' பலகாரத்தைத் தகர டப்பாவோடு எடுத்துக்கொண்டு போய், காருக்குள் கியரை மாற்றிக்கொண்டிருந்தவளிடம் ஜன்னல் வழியாக நீட்டினேன்.

"அட, எனக்கா? சூடா இருக்கேடி!"

இரண்டு கையாலும் வாங்கிப் பக்கத்து இருக்கையில் வைத்தாள். கியர் நியூட்ரலில் இருந்தது. பொத்தானை அழுத்தவில்லை. திரையில் வர வேண்டிய எழுத்து வரவில்லை. அவள் இறங்கிவிட்டாள்.

எங்கள் காரும் அதே வகைதான், எனக்குத் தெரியும். முதலில் சக்கரம் ஒழுங்காக உருளும். கொஞ்ச தூரம் போனதும் கார் தானாக 'பார்க்' கியரில் விழுந்து சக்கரம் பூட்டிக்கொள்ளும். பிறகு கியர்பெட்டி தூள்தான். அவளிடம் இருந்தது அந்த ஒரு கார்.

நான் வாயைத் திறக்கவில்லை. அவள் வண்டியில் ஏறி மெல்ல நகர்த்தினாள், லைல் பின்னால் குனிந்து கார்ச் சக்கரத்தைப் பார்த்தார்.

"உருளுது, உருளுது! நீ போ நடீன்!"

ஒரு தடவையாவது இவளும் தப்புப் பண்ணட்டும் என்று நினைத்தேன். ஆண்டவர் மன்னிக்கட்டும், அப்படித்தான் நினைத்தேன். வண்டி வளைவில் திரும்பியபோது காரின் ஜன்னலுக்குள் என் பலகார டப்பா வெயிலில் மின்னியது. அதற்கு மேல் நிற்க முடியவில்லை.

"நடீன்! நிறுத்து! டோ மோடு!"

கத்திக்கொண்டே ஓடினேன். முகாமின் வாசல் கேட்டில்தான் பிடித்தேன், வண்டியின் தகரத்தில் ஓங்கி அடித்தேன். அவள் இறங்கிக் காரில் ஏறிப் பொத்தானை அழுத்தினாள். எழுத்து வரும்வரை உட்கார்ந்திருந்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அதில் எல்லாமே எழுதியிருந்தது போலும்.

லைல் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "என்னாச்சு?"

"உம் பெண்டாட்டிக்குக் கழுகுக் கண்ணுய்யா. எங் காரைக் காப்பாத்திட்டா," என்றாள்.

அடுத்த குளிர்காலம் அவள் வரவில்லை. இறந்துபோய் மகள் ஊரிலேயே அடக்கமாகிவிட்டாள். கடைசியாகப் பார்த்த அன்று, கேட்டில் மறுபடி வண்டியில் ஏறும் முன் என் தோளைப் பிடித்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"அடுத்த தடவை கேட் வரைக்கும் காத்திருக்காதடி. பாரு, எப்படி மூச்சு வாங்குது உனக்கு."