நசுக்கிய நாற்பத்தொன்பது பித்தளை

வெர்லா ஸ்டென்ஸ்ருட் கடையில் முட்டை வாங்கினால் டப்பாவைத் திறந்து பன்னிரண்டையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்ப்பாள். முட்டையைப் பார்த்து முடித்ததும் கடைக்காரன் முகத்தைப் பார்ப்பாள். இருபத்திரண்டு வருஷம் மொன்டானா மாநிலத்து ஹாலோவே ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். பிள்ளைகள் இறங்கிய பிறகு, யாராவது சீட்டுக்கடியில் தூங்குகிறார்களா என்று இரண்டு தரம் குனிந்து பார்ப்பாள். அத்தனை வருஷத்தில் அப்படித் தூங்கிய பிள்ளை ஒன்றே ஒன்றுதான் அகப்பட்டது. அது போதாதா? சந்தேகப்படுவதுதான் சரி என்று அன்றைக்கே அவளுக்கு முடிவாகிவிட்டது.

தோட்டா விஷயத்தில் இந்தக் குணம் அவளுக்குக் கைகொடுத்தது. மொன்டானாவில் தன் தோட்டாவைத் தானே செய்துகொள்கிறவர்கள் எல்லாருக்கும் கொஞ்சம் சந்தேகப் புத்தி உண்டு. அது இல்லாதவனுக்கு விரலும் இருக்காது. அடுத்தவன் அடைத்த தோட்டாவைத் தன் துப்பாக்கியில் போடக்கூடாது, தன் மேஜையில் அடுத்தவனை விடக்கூடாது. வெர்லா இன்னும் ஒரு படி மேலே. புதுப் பித்தளையைக்கூட நம்பமாட்டாள். மருந்தும் குண்டும் ஏறுவதற்கு முன்னால் இருக்கிற வெறும் கூட்டைத்தான் அங்கே பித்தளை என்பார்கள். தொழிற்சாலையிலிருந்து வருகிற பித்தளையின் வாய் கரடுமுரடாக இருக்கும். அடியில் நெருப்பு ஏறுகிற துளையில் பிசிறு ஒட்டியிருக்கும். கழுத்தை நேராக்கி, நீளத்தை ஒன்றுபோல வெட்டி, வாயை உள்ளும் புறமும் செதுக்கி, துளைப் பிசிறை வழித்து எடுக்கவேண்டும். ஐம்பது பித்தளை என்றால் ஐம்பது தரம் மணிக்கட்டைத் திருகவேண்டும், அதுவும் மூன்று நான்கு கருவிகளால்.

அந்த வருஷம் அவளுக்குப் பதினேழு வருஷக் கனவு பலித்திருந்தது. எல்க் என்கிற பெரிய மான் வகையில் ஆணைச் சுடுகிற விசேஷ அனுமதிச் சீட்டு குலுக்கலில் அவள் பெயருக்கு விழுந்தது. வாழ்நாளில் இன்னொரு தரம் விழுமா என்பது சந்தேகம்தான், வயது அறுபத்தொன்று. ஆனால் மார்ச் மாதப் பனியில் வழுக்கி வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டவள், ஊறுகாய் ஜாடியைத் திறக்கவே பல்லைக் கடித்தாள். பழைய பித்தளையெல்லாம் கழுத்தில் விரிசல் விட்டுவிட்டது. அவள் துப்பாக்கியின் அளவுக்குப் புதிது எந்தக் கடையிலும் இல்லை.

அப்போதுதான் டெல்மர் ஒரு டப்பாவோடு வந்து நின்றான். செத்துப்போன தங்கையின் புருஷன். ஒரு காலத்தில் கியர் போன டிரக்கை, ‘தங்கமான வண்டி’ என்று அவள் தலையில் கட்டியவன். இரவல் வாங்கிய ரம்பத்தை இன்றுவரை திருப்பித் தராதவன்.

“ஐம்பது இருக்கு. புதுசு. வச்சுக்கோ.”

“எங்க கெடச்சுது?”

“ஸ்போகேன்ல, துப்பாக்கிச் சந்தையில.”

“கட்டைவிரல்ல என்ன கட்டு?”

“கம்பி வேலி கிழிச்சிடுச்சு.”

டெல்மர் இருப்பது ஊருக்குள், சக்கரம் வைத்த வண்டிவீட்டில். அவனுக்கு ஏது வேலி? வெர்லா அதை மனசில் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டாள். அடுத்த வாரம் அவனே போன் செய்து, “டப்பாவப் பிரிச்சியா?” என்றான். அதற்கடுத்த வாரமும் கேட்டான். இரண்டாவது முடிச்சு விழுந்தது.

செப்டம்பர் கடைசியில் விளக்கடியில் உட்கார்ந்து டப்பாவைப் பிரித்தாள். முதல் பித்தளையின் வாயை நகத்தால் தடவினாள். வழவழவென்றிருந்தது. இரண்டாவதும் அப்படித்தான். துளையில் பிசிறே இல்லை. அளவுகோலை வைத்தால் ஐம்பதும் மயிரிழை பிசகாமல் ஒரே நீளம். எந்தத் தொழிற்சாலையும் இப்படி அனுப்பாது. யாரோ வேலை செய்த பித்தளை. யாரோ செய்தது என்றால் யாரோ சுட்டது என்றுதானே அர்த்தம்? எத்தனை தரம் சுட்டதோ, எந்தத் துப்பாக்கியில் சுட்டதோ! ஆனால் சுட்ட பித்தளையின் அடிக்குழியில் படிந்திருக்கவேண்டிய கரி இதில் துளிகூட இல்லை. வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசித்திருப்பார்கள். வெர்லா நிற்கவில்லை. ‘சோப்புப் போட்டுக் கழுவியிருக்கான், திருட்டுப் பய’ என்று அதற்கும் கணக்குச் சொல்லிவிட்டாள். டிரக் மாதிரியே பித்தளையும். அவளுக்குச் சீட்டு விழுந்தது அவனுக்குப் பொறுக்கவில்லை. அவனுடைய பெயர் பத்தொன்பது வருஷமாகக் குலுக்கலில் கிடக்கிறதே!

கெட்ட பித்தளையை முழுசாகக் குப்பையில் போடக்கூடாது. யாராவது பொறுக்கிக்கொண்டு போய் மருந்தடைத்துவிடுவார்கள். குறடால் வாயை நசுக்கித்தான் போடவேண்டும். அதுதான் அங்கே முறை. வெர்லா முறை தவறாதவள். சாட்சிக்கு ஒன்றை எடுத்து வைத்துவிட்டு மற்ற நாற்பத்தொன்பதையும் நசுக்கினாள். இருபதாவதில் மணிக்கட்டு விண்விண் என்றது. கோபம் இருந்ததால் மிச்சமும் நடந்தது.

மறுநாள் காலை ட்ரூடியின் காப்பிக்கடையில் பாதி ஊரே உட்கார்ந்திருந்தது. டெல்மர் முட்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வெர்லா பையைக் கவிழ்த்தாள். நசுங்கிய பித்தளைகள் அவன் தட்டைச் சுற்றிச் சிதறின.

“யாரோ சுட்டுப்போட்ட குப்பைய எனக்குப் புதுசுன்னு கொடுக்கறியா? துப்பாக்கி என் மூஞ்சியில வெடிச்சா உனக்கு நிம்மதியா இருக்குமோ?”

டெல்மர் ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்தான். “எல்லாத்தையுமா?”

“நாப்பத்தொன்பது. ஒண்ணு சாட்சிக்கு இருக்கு.”

அவன் முள்கரண்டியைக் கீழே வைத்தான். வாயைத் திறந்தது ட்ரூடிதான், காப்பிக் கெண்டியோடு.

“அடிப்பாவி! ஆகஸ்ட் பூரா அந்த மூலை மேஜையில உக்காந்து இதத்தானே ராவிக்கிட்டிருந்தான்! வண்டிவீட்டுல வெளிச்சம் பத்தலையாம். பித்தளைத் தூள கூட்டிக் கூட்டி எனக்கு இடுப்பு போச்சு.”

வெர்லா அவன் கட்டைவிரலைப் பார்த்தாள். கட்டு இல்லை. தோல் உரிந்து, செதுக்குக் கருவி அழுத்திய இடம் வட்டமாகக் காய்த்துப்போயிருந்தது.

“புதுசுதான் வெர்லா,” என்றான் டெல்மர். “ஒரு தரம்கூடச் சுடல. உன் கையால திருக முடியாதேன்னு...”

“அத ஏன் சொல்லல?”

“சொன்னா தொட விட்டிருப்பியா? கம்பெனியிலேருந்தே அவ்வளவு நேர்த்தியா வந்திருக்குன்னு நீ நெனச்சுக்குவேன்னு பாத்தேன்.” கொஞ்சம் நிறுத்தி, “வேலின்னு சொன்னது தப்பு,” என்றான்.

யாரோ சிரித்தார்கள். வெர்லாவுக்கு அவமானத்தில் காது சூடேறியது. ட்ரூடி ஊற்றிய காப்பியைத் தூக்கப்போனாள். வலது கை தூக்க மறுத்தது. மணிக்கட்டு ரொட்டி மாதிரி உப்பியிருந்தது. டெல்மர் அதைப் பார்த்துவிட்டான்.

“இந்தக் கையாலயா அத்தனையும் நசுக்கின?”

“ஆமா.”

“இந்தக் கைக்கு வேலை வைக்கக் கூடாதுன்னுதான் நான் ஒரு மாசம் உக்காந்தேன்.”

அவளுக்கு அழுகை வந்தது. மறைக்கக்கூடத் தோன்றவில்லை. வேட்டைக்கு இன்னும் மூன்றரை வாரம்தான். சட்டைப் பையிலிருந்து அந்தச் சாட்சிப் பித்தளையை எடுத்து அவன் தட்டுப் பக்கத்தில் நிறுத்தினாள். மன்னிப்பு என்ற வார்த்தை அவளுக்குப் பழக்கமில்லாதது. அதைத் தேடிக்கொண்டிருந்தபோது டெல்மர் தொண்டையைச் செருமினான்.

“ஆரம்பத்துல ஏழு கெடுத்துட்டேன். அதுக்காக இன்னொரு டப்பா வாங்கினேன், இருபது. மிச்சம் பதிமூணு வீட்ல கெடக்கு. வாய் செதுக்கல.”

வெர்லா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, “செதுக்கிக் கொண்டா,” என்றாள். “இல்ல, என் மேஜைக்கே வா. அங்க வெளிச்சம் இருக்கு.”

“உன் மேஜைக்கா?”

“ரம்பத்தையும் எடுத்துட்டு வா.”

இரண்டு சாயங்காலம் அவள் மேஜையில் அவன் உட்கார்ந்து திருகினான். அவள் கையில் பனிக்கட்டிப் பையோடு எதிரே உட்கார்ந்து பார்த்தாள். பதிமூன்றையும் வரிசையாக நிறுத்திவிட்டு அவன் போன பிறகு, அவள் அளவுகோலை எடுத்தாள். எடுக்காமல் இருப்பாளா? ஒவ்வொன்றையும் விளக்குக்கு நேரே தூக்கி, துளையைப் பார்த்து, வாயைத் தடவி, இரண்டு தரம் அளந்தாள். ஆயுசில் முதல் தடவையாக, எதிலும் குறை இருந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு அளந்தாள்.