நோராம்மா கேட்ட இழவு வீடு

வத்தலக்குண்டிலிருந்து வந்த முதல் பஸ்ஸின் கண்டக்டர்தான் சொன்னார். "அண்ணே, மதுரை ஆஸ்பத்திரியில உங்க வெள்ளைக்காரம்மா தவறிட்டாங்களாம். மத்தியானத்துக்குள்ள கொண்டாந்துருவாங்க." கையிலிருந்த டீயை அவரிடம் கொடுத்துவிட்டு என் டீக்கடை அடுப்பை அணைத்தேன்.

நம் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்த நோராம்மாவை உங்களுக்கெல்லாம் தெரியும். ஏரிக்கு மேலே ஓட்டு வீட்டில் தனியாக இருந்தார். வம்பிழுக்காமல் நான் அவருக்கு டீ கொடுத்ததே இல்லை. ஒருமுறை, "என்ன இங்கிலீஷ்காரம்மா, வெள்ளனே வந்துட்டீங்க?" என்றேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏலே அந்தோணி, நான் ஐரிஷ்காரி. எங்க ஊர்ல உருளைக்கிழங்கு அழுகி சனம் பட்டினி கெடந்தப்ப, வெளஞ்ச தானியத்தக் கப்பல்ல ஏத்திட்டுப் போனது யாருன்னு தெரியுமா? அந்த இங்கிலீஷ்காரங்கதான். மிச்சம் இருந்த நாங்க ஊர் ஊராச் செதறிட்டோம். இனி அந்தப் பேரச் சொன்னே, இந்த டீ உன் தலையிலதான்."

அவர் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. ஆனால் நேற்று நடந்தது போலக் கோபப்படுவார்.

என் மாமனார் இறந்தபோது வந்தார். பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, மனுஷன் மாதா கோயில் பிரசங்கத்தில் விட்ட குறட்டையைப் பற்றிப் பேசினார். ஒப்பாரி வைத்த பெண்கள் திகைத்துப் போனார்கள். பிறகு என் மாமியாரே சிரித்துவிட்டார். வாசலில் வைத்து நோராம்மா எனக்கு விளக்கினார்.

"எங்க ஊர் வழக்கம்லே. கடிகாரத்த நிறுத்திருவோம். செத்தவங்களச் சுத்தி உக்காந்து டீ குடிச்சு, அவங்களக் கேலி பண்ணிச் சிரிப்போம். கப்பலேறிப் போறவங்களுக்கும் அப்படித்தான். திரும்பி வரமாட்டாங்கல்ல? நான் கப்பலேறின அன்னிக்கு எனக்கும் வச்சாங்க."

"உசிரோட இருக்கையிலேயே இழவா?"

"ஆமா. அது பாதிதான். மீதிய நீ வைக்கணும். என் வீட்ல. நல்லாக் கேலி பண்ணணும்."

வாக்குக் கொடுத்தேன். அதனால்தான் கண்டக்டர் சொன்ன அன்று அவர் வீட்டுக்குப் போய் ஜன்னல்களைத் திறந்தேன், கடிகாரத்தை நிறுத்தினேன், கடை பெஞ்சுகளைக் கொண்டுபோய்ப் போட்டேன். ஊர்ச் சாவுகளை முன்னின்று நடத்தும் கோயில் அடக்கக் கமிட்டியின் தலைவர் வந்து பார்த்தார்.

"என்னப்பா, கல்யாண வீடு மாதிரி இருக்கு?"

சொன்னேன். அவர் முகம் சுருங்கியது.

"வெள்ளைக்காரம்மா பிணத்தச் சுத்தி உக்காந்து சிரிக்கிறதா? மரியாதையா அடக்கம் பண்ணணும்பா."

"அவங்க கேட்டதுங்க. ஒரு மணி நேரம் போதும்."

"நீ எதுக்கும் சிரிக்கிற ஆளு. ஒதுங்கு."

உடலைக் கொண்டுவந்த வேன் அந்த வீட்டு வாசலில் நிற்கவே இல்லை. நேராகக் கோயில், அங்கிருந்து கல்லறை. பெஞ்சுகளை நானே திரும்பச் சுமந்தேன். மறுநாள் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் கமிட்டியின் அஞ்சலி போஸ்டர்: 'இங்கிலாந்து தந்த இசைத் தாய்.' அவர் உயிரோடு இருந்திருந்தால் நகத்தாலேயே கிழித்திருப்பார். நான் கிழித்தேன்.

அவருக்காகச் சேர்த்து வைத்திருந்த கேலிகளைக் கல்லறைக்குப் போய்ச் சொல்லிப் பார்த்தேன். பதிலுக்குத் திட்ட ஆளில்லாமல் பாதியில் நிறுத்திவிட்டேன்.

ஊரே அவருடைய பியானோவைப் பற்றிப் பேசுகிறது. என்னிடம் தங்கியிருப்பது அவருடைய கோபம். தலைவர் இப்போதும் தினமும் கடைக்கு வருகிறார். டீ கொடுக்கிறேன், சர்க்கரை சரியாகத்தான் போடுகிறேன். இன்னும் அவரிடம் ஒரு வார்த்தைகூடக் கேலி பேசவில்லை.