மைக்செட் மேல் ஒரு வழக்கு

அவரை எல்லோரும் ‘சவுண்டு’ என்றுதான் கூப்பிட்டார்கள். ஆளோ நாலு வார்த்தை பேசி முடிப்பதற்குள் எதிரில் இருப்பவருக்குக் கொட்டாவி வந்துவிடும். கல்யாணமோ கடைத்திறப்போ கட்சிக் கூட்டமோ, கூம்பு ஸ்பீக்கர்களைக் கட்டி, மைக்கைத் தட்டி, “ஹலோ, ஹலோ” என்று சொல்லிவிட்டு ஓரமாக ஒதுங்கிவிடுவார். யார் என்ன பேசினார்கள் என்று மனைவி கேட்டால், சத்தம் நன்றாக வந்தது என்பார். அதோடு சரி.

கால்வாய் ஓரத்து வீடுகளை இடிக்கப்போவதாக அதிகாரிகள் வந்து சுவர்களில் சிவப்புக் குறி போட்டுவிட்டுப் போனார்கள். சவுண்டின் வீட்டுச் சுவரும் தப்பவில்லை. அந்தத் தெருத் தையல்காரி கண்டனக் கூட்டத்துக்கு மைக்செட் கேட்டபோதுகூட அவருக்கு அது இன்னொரு வாடகையாகத்தான் பட்டது.

தையல்காரி பேச ஆரம்பித்த சூட்டோடு போலீஸ் வேன்கள் வந்து நின்றன. கலைந்து போகச் சொன்னார்கள். சொன்ன வாய் மூடுவதற்குள் தடி விழுந்தது. இடுப்பில் பிள்ளையோடு நின்றவளுக்கும் விழுந்தது. சவுண்டு ஓடவில்லை. ஆம்ப்ளிஃபயரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். முழங்கையில் ஒன்று போட்டு அதைப் பிடுங்கிக்கொண்டு, கூம்புகளையும் கழற்றி வேனில் ஏற்றினார்கள்.

மறுநாள் வீங்கிய கையோடு ஸ்டேஷனுக்குப் போனார்.

“ஜனங்களத் தூண்டிவிட்டதே இந்த மைக்குதான். கேஸ் முடியுற வரைக்கும் தர முடியாது” என்றார் ஏட்டு.

“ஐயா, நான் அதுல ஹலோன்னு மட்டுந்தான் சொன்னேன்.”

“அத ஜட்ஜுகிட்ட சொல்லு.”

அதற்குப் பிறகு நடையாய் நடந்தார். போனால் ஏட்டு இல்லை. ஏட்டு இருந்தால் இன்ஸ்பெக்டர் இல்லை. கோர்ட்டிலோ வாய்தாமேல் வாய்தா. வந்த வேலையெல்லாம் கைமாறிப் போனது. மனைவி பாத்திரம் கழுவும் வேலையை இன்னும் இரண்டு வீடுகளில் பிடித்தாள்.

ஒரு காலை ஸ்டேஷன் வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். காவல்துறை மக்களின் தோழன் என்று ஓர் அதிகாரி முழங்கிக்கொண்டிருந்தார். இடப்பக்கத்துக் கூம்பு மூக்கால் பேசியது. சவுண்டுக்கு அந்தக் குரலைத் தெரியாதா? அது அவருடைய கூம்பு.

ஏட்டை ஓரமாக அழைத்துக் கேட்டார். ஏட்டு சிரிக்கக்கூட இல்லை. “சும்மா கெடந்தா துருப்பிடிச்சிரும்னுதான் எடுத்தோம். நீ நன்றி சொல்லணும்யா.”

ஏட்டிடம் சொல்லியிருக்க வேண்டிய பதிலை வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

இடிக்கும் தேதி குறித்துவிட்டார்கள். இன்னொரு கூட்டம் போட வேண்டும். இந்த முறை சவுண்டே முன்வந்து, தொழிலில் பழகிய இன்னொரு மைக்செட்காரரிடம் கேட்கப் போனார்.

“அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க” என்றார் அவர். “உங்க செட்டு எங்க கெடக்குன்னு ஊருக்கே தெரியும். எனக்கும் புள்ளகுட்டி இருக்கு.”

வேறு கடைகளிலும் இதே பதில்தான். ஒருவரையும் திட்ட முடியவில்லை. அந்த இடத்தில் இருந்தால் தானும் கையைத்தான் விரித்திருப்பார் என்று அவருக்குத் தெரியும். அதுதான் அதிகமாக உறுத்தியது.

மைக் இல்லாமலே கூட்டம் நடந்தது. மெயின் ரோட்டில் கூடாது என்று போலீஸ் சொல்லிவிட்டதால், பஸ் பணிமனைக்குப் பின்னால். தையல்காரி தொண்டை கிழியக் கத்தினாள். பஸ்கள் உறுமின. கடைசி வரிசையில் நின்ற சவுண்டுக்கு அவளுடைய வாய் அசைவதுதான் தெரிந்தது.

“கேக்கல!” என்று கத்தினார். முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இத்தனை வருஷத்தில் அவர் போட்டு யாரும் கேட்டிராத சத்தம். மறுபடியும் கத்தினார். பக்கத்தில் நின்ற பெண்களும் கூடச் சேர்ந்து கத்தினார்கள்.

ஒரு போலீஸ்காரர் வந்து அவர் சட்டையைப் பிடித்தார். “என்னய்யா கோஷம் போடுற?”

“கோஷம் இல்ல சார். கேக்கல, அதான் சொல்றேன்.”

அவருடைய பெயரையும் முகவரியையும் எழுதிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். கூட்டம் முடிந்து திரும்பும்போது, தையல்காரி கடைசியில் என்ன முடிவு சொன்னாள் என்று, கூட்டத்துக்குக் கூட வந்திருந்த மனைவியிடம் கேட்டார்.

“எனக்கு மட்டும் கேட்டுச்சாக்கும்?” என்றாள் அவள். காலையில் தையல்காரி வீட்டுக்கே போய்க் கேட்டுவிடலாம் என்று இருவரும் பேசிக்கொண்டே நடந்தார்கள்.