பூங்கா வாசலில் மாமா

எனக்கு ஏழு வயதாக இருந்தபோது அம்மா ஒரு பொய் சொன்னார். கூசாமல், சிரித்துக்கொண்டே சொன்னார். பொய் சொல்லக்கூடாது என்று எனக்கு அடிபோட்டுச் சொல்லித் தந்தவரும் அவர்தான் என்பதால், எதை நம்புவதென்று தெரியாமல் பல நாள் தலை குழம்பித் திரிந்தேன்.

எங்கள் ஊர்க் குளத்தடியில், புதுக்குடியிருப்புக்குப் போகும் வீதியை ஒட்டி, பிரதேச சபைக்குச் சொந்தமான பூங்கா ஒன்று இருந்தது. அதற்குள் அம்மாவும் இன்னும் நான்கு பெண்களும் தகரக் கொட்டில் போட்டுத் தேநீரும் உளுந்து வடையும் விற்றார்கள். குளம் பார்க்க வருகிறவர்களின் குழந்தைகளுக்குப் பால்மா கரைத்துக் கொடுப்பது, மழை வந்தால் கூப்பிட்டு இருத்துவது எல்லாம் அங்கேதான். ஒருநாள் சபை, பூங்காவின் ‘விருந்தோம்பல் சேவை’ முழுவதையும் கொழும்பிலிருந்து வந்த கம்பனி ஒன்றுக்குக் கொடுத்துவிட்டது. தாங்கள் செய்துவந்த வேலைக்கு இவ்வளவு பெரிய பெயர் இருப்பது அந்த ஐந்து பேருக்கும் அன்றுதான் தெரிந்தது. தெரிந்த கையோடு கொட்டில்களும் போயின.

அம்மா மனு எழுதிக்கொண்டு சபைக்குப் போனார். முதல் கையெழுத்து அவருடையது. மனுக் கொடுத்தவர்களின் வீட்டாரை வேலைக்கு எடுப்பதில்லை என்று கம்பனி சொல்லிவிட்டது. ஆனால் அம்மாவின் தம்பி, என் மாமா, உறவை மறைத்து அங்கே வேலைக்குச் சேர்ந்துவிட்டார். ஒரு வருடமாக வேலையில்லாமல் இருந்தவர். மாமிக்கு அப்போது ஏழு மாதம். அக்காவின் பெயர் வெளியே வந்தால் அன்றைக்கே வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தவை. அப்போது ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. எனக்கு ஓட்டைவாய்.

திறப்பு விழாவுக்கு எல்லோரும் வரலாம் என்று ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அறிவித்தார்கள். அம்மா முதல்நாளே பயறு வறுத்துப் பயத்தம் பணியாரம் சுட்டார். சண்டை பிடித்த இடத்துக்கு ஏன் பலகாரம் என்று அப்பா கேட்டார்.

“கூப்பிட்டிருக்கினம். புது இடத்துக்கு வெறுங்கையோட போறதே?”

எங்கள் ஊர்ப்பக்கத்தில் பகையாளி வீடு கட்டிக் குடிபுகுந்தாலும் கையில் ஒரு பலகாரப் பெட்டியோடுதான் போவோம். மாமா உள்ளே எங்கேயாவது கோப்பை கழுவிக்கொண்டு நிற்பார் என்று அம்மா நினைத்திருந்தார்.

மாமா வாசலில் நின்றார். நீலச் சட்டை, தொப்பி, பளபளக்கும் சப்பாத்து. பக்கத்தில் கழுத்துப்பட்டி கட்டிய மேலாளர். மாமா பெட்டியைப் பார்த்தார். அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

“வெளிச்சாப்பாடு உள்ளுக்குக் கொண்டுபோகேலாது, மேடம்.”

எங்கள் குசினியில் சட்டி வழித்துச் சாப்பிடுகிறவர், சொந்த அக்காவை மேடம் என்கிறார். தொப்பி போட்டதால் எங்களை மறந்துவிட்டாரோ என்று பயந்து, “மாமா!” என்று கத்தினேன்.

மேலாளர் சட்டென்று திரும்பினார். “இவையைத் தெரியுமோ?” என்று மாமாவிடம் கேட்டார். மாமா தொப்பியைச் சரிசெய்தார். அம்மாதான் சிரித்தார்.

“எனக்கு இவரை ஆரெண்டே தெரியாது, ஐயா. இவள் காணுற ஆக்களையெல்லாம் மாமா எண்டுதான் கூப்பிடுவாள். உங்களையும் கூப்பிடுவாள்.”

கூடவே என் முழங்கையில் ஒரு கிள்ளு. நான் உடனே மேலாளரைப் பார்த்து, “மாமா” என்றேன். அவர் சிரித்து, எங்களை உள்ளே போகச் சொன்னார். பெட்டி வாசலில் நின்றுவிட்டது. உள்ளே கடதாசிக் கோப்பையில் ஜூஸ் தந்தார்கள். அம்மா அதைக் குடிக்காமல், கொட்டில் இருந்த இடத்தில் நட்டிருந்த புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது, “பூங்காவில மாமாவைக் கண்டா, தெரியாது எண்டு இருக்கவேணும்” என்றார். ஏன் என்று கேட்டேன். “தெரியாதெண்டா தெரியாது.” அன்று பின்னேரமே மாமா எங்கள் வீட்டுக்கு வந்து, என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுச் சோறு சாப்பிட்டார். வீட்டில் மாமா, வாசலில் யாரோ. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அடுத்த முறை பிழை விடக்கூடாது என்பது மட்டும் மனதில் பதிந்தது.

இரண்டு மாதம் கழித்துப் பள்ளிக்கூடத்தில் எங்கள் வகுப்பைப் பூங்காவுக்குக் கூட்டிப்போனார்கள். வாசலில் மாமா தனியே நின்றார். மேலாளர் இல்லை. என்னைக் கண்டதும் ஓடிவந்து, முழங்காலை மடித்துக் குந்தி, ஒரு பை நிறைய டொபியை நீட்டினார்.

“குஞ்சு, உனக்கு மச்சாள் பிறந்திட்டா! விடியத்தான் பிறந்தவா!”

நான் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

“நீங்கள் ஆர்? எனக்கு உங்களைத் தெரியாது.”

தெரியாத ஆட்களிடம் டொபி வாங்கக்கூடாது என்று படிப்பித்த ரீச்சர், எல்லோர் முன்னாலும் என்னைக் கெட்டிக்காரி என்றார். மாமா மெதுவாக எழும்பினார். “உள்ள போங்கோ, பிள்ளை” என்றார்.

வீட்டுக்கு ஓடிப்போய் நடந்ததை ஒன்றுவிடாமல் அம்மாவிடம் ஒப்புவித்துவிட்டு, பாராட்டுவார் என்று நின்றேன். அம்மா அப்படியே நிலத்தில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதார். அவர் சொன்னதைத்தானே செய்தேன், அதற்கு ஏன் அழ வேண்டும் என்று எனக்கு விளங்கவேயில்லை.